எவன் ஆண்பிள்ளை?

நவம்பர் மாதம் பிறந்ததும் ஸ்பெயின் நாட்டு மக்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவார்கள். இறந்துபோன பெரியவர்களுக்குப் பூ வைத்து வணங்குவார்கள்.

அதே நாட்களில் நாடகம் பார்க்கப் போவதும் அங்கே நெடுநாள் வழக்கம். அந்த நாடகத்தின் பெயர் "டான் ஹுவான் தெனோரியோ". (ஆங்கிலம் படித்தவர்கள் "டான் ஜுவான்" என்பார்கள். ஆள் ஒருவன்தான். "டான்" என்பது "திருவாளர்" என்பது போன்ற மரியாதைச் சொல். மரியாதைக்குரிய காரியம் எதையும் இவன் செய்யவில்லை என்பது வேறு விஷயம்!)

நாடகத்தை எழுதியவர் ஹொசே ஸோரில்யா என்ற கவிஞர். 1844-ம் ஆண்டு எழுதினார். அப்போது அவருக்கு வயது 27.

கதை ஒரு பந்தயத்தில் தொடங்குகிறது.

செவில்லா நகரில் ஒரு விடுதி. இரண்டு வாலிபர்கள் வந்து உட்காருகிறார்கள். ஒருவன் டான் ஹுவான். மற்றவன் டான் லூயிஸ். "ஓர் ஆண்டுக் காலத்தில் யார் அதிகமாகக் கெடுதல் செய்வது?" என்று இருவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். ஆண்டு முடிந்துவிட்டது. கணக்குப் பார்க்கிறார்கள்.

டான் லூயிஸ் கொன்றவர்கள் 23 பேர். டான் ஹுவான் கொன்றவர்கள் 32 பேர்.

டான் லூயிஸ் கெடுத்த பெண்கள் 56 பேர். டான் ஹுவான் கெடுத்த பெண்கள் 72 பேர்.

டான் ஹுவான் ஜெயித்துவிட்டான்!

மளிகைக் கடைச் சிட்டையைப் போலப் படிக்கப்படும் இந்தக் கணக்கைக் கேட்டுத்தான் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கை தட்டினார்கள். பிறகு அவன் கன்னிமாடத்தில் இருக்கும் இனெஸ் என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறான். அவளுடைய தந்தையைச் சுட்டுக் கொல்கிறான். டான் லூயிசையும் குத்திக் கொன்றுவிட்டு ஊரை விட்டு ஓடுகிறான். ஏக்கத்தால் இனெஸ் இறந்துபோகிறாள். கடைசியில் அவளுடைய ஆவி வந்து அவனுக்காகப் பரிந்து பேசுகிறது. அவனுக்கு மோட்சம் கிடைத்துவிடுகிறது!

அந்த 72 பெண்கள் என்ன ஆனார்கள்? நாடகம் அதைச் சொல்லவில்லை. பார்த்தவர்கள் கேட்கவும் இல்லை.

கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் நாவலாசிரியர்கள். மேடையில் கைதட்டல் வாங்கிய அந்த ஆளை அவர்கள் கீழே இறக்கினார்கள். சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் நடமாடவிட்டார்கள். "இவனால் யாருக்கு என்ன செலவு?" என்று கணக்குப் போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பானிய நாவல்களில் மிகச் சிறந்தவை பிறந்தது இந்தக் கணக்கில்தான் என்று சொன்னால் அது மிகை ஆகாது.

கொன்றவனுக்கும் சலுகை

மைனர் ஒரு வகை ஆண்பிள்ளை. மான ரோஷக்காரன் இன்னொரு வகை. அந்த நாட்டில் இவனுக்கும் பெரிய மதிப்பு.

பதினேழாம் நூற்றாண்டில் கால்தெரோன் என்ற நாடக ஆசிரியர் இருந்தார். அவருடைய நாடகம் ஒன்றில், கணவனுக்கு மனைவி மீது சந்தேகம். அவள் தவறு செய்யவில்லை. ஆனாலும் ஓர் ஆளைக் கொண்டுவந்து, அவள் உடம்பிலிருந்து இரத்தத்தை வடியச் செய்து, கொன்றுவிடுகிறான். கேட்டால், "என் மானத்துக்கு வைத்தியம் செய்தேன்" என்கிற நியாயம்!

இது பழைய நாடகத்தோடு முடிந்துவிடவில்லை. சட்டத்திலும் ஏறியிருந்தது.

1870-ம் ஆண்டு வந்த ஸ்பெயின் தண்டனைச் சட்டத்தில் 438-ம் பிரிவு என்று ஒன்று உண்டு. மனைவி வேறொருவனுடன் இருப்பதைக் கையும் களவுமாகக் கண்ட கணவன் அங்கேயே அவளையோ அவனையோ கொன்றுவிட்டால், அவனுக்குச் சிறை இல்லை. தூக்கும் இல்லை. சில காலம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவுதான். தன் வீட்டில் இருக்கும் 23 வயதுக்கு உட்பட்ட மகளின் விஷயத்தில் தகப்பனுக்கும் இதே சலுகை.

மனைவி கணவனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றால்? அவளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

1932-ல் குடியரசு ஆட்சி இந்தச் சலுகையை எடுத்தது. 1944-ல் பிராங்கோ ஆட்சி திரும்பக் கொண்டுவந்தது. 1963-ல்தான் அது ஒழிந்தது. கற்பனைக் கதையிலே வரும் ஆண்பிள்ளை யாராக இருந்தால் என்ன என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

நீதிபதியின் மனைவி

லெயோபொல்தோ அலாஸ் என்பவர் ஒவியெதோ நகரில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். "கிளாரின்" என்ற புனைபெயரில் எழுதினார். 1884, 1885-ம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக ஒரு நாவலை வெளியிட்டார். "லா ரெஹென்தா" என்பது அதன் பெயர். நீதிமன்றத் தலைவரின் மனைவி என்று பொருள்.

கதாநாயகி ஆனா. இளம் பெண். கணவர் விக்தர், ஓய்வு பெற்ற நீதிபதி. தந்தை வயது. நல்ல மனிதர்தான். ஆனால் வேட்டை உண்டு, கால்தெரோன் நாடகம் உண்டு. மனைவி ஒருத்தி இருப்பது அவருக்கு அவ்வளவாக நினைவில் இருப்பதில்லை. இரவில் கையில் வாளைப் பிடித்துக்கொண்டு வசனம் பேசுவார். மனைவி துரோகம் செய்தால் பழைய நாடகக் கணவர்களைப் போலப் பழி வாங்குவேன் என்று பெருமையடிப்பார்.

ஊரில் ஒரு மைனர் இருக்கிறான். அவன் பெயர் அல்வாரோ மெசீயா. ஊர் மனமகிழ் மன்றத்தின் தலைவன். அரசியல் கட்சிக்கும் உள்ளூர்த் தலைவன். பார்க்க அழகன். உள்ளூர டான் ஹுவான் என்று எல்லாரும் அவனை மெச்சுகிறார்கள். அவனுக்கும் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "இன்னும் எத்தனை நாள் இந்தப் பெயர் தாங்கும்?" என்று அவனுக்கு உள்ளுக்குள்ளே கவலை. உடம்பைப் பேணுகிறான். கணக்குப் பார்த்துச் சாப்பிடுகிறான். மேடையில் ஆடும் டான் ஹுவானுக்கு இந்தக் கவலை ஏது?

மூன்றாவது ஆள் ஒரு பாதிரியார். பெர்மின் என்று பெயர். மலை போன்ற உடம்பு. கோயில் கோபுரத்தில் ஏறி நின்று, தூரப் பார்வைக் கண்ணாடி வைத்து ஊர் முழுவதையும் பார்ப்பார். "இந்த ஊர் என்னுடையது" என்ற எண்ணம் அவருக்கு. ஆனா அவரிடம் பாவமன்னிப்புக் கேட்க வருகிறாள். அவளை நல்வழிப்படுத்துவதாகத் தொடங்கியவர், அவள் மீதே ஆசை கொண்டுவிடுகிறார். துறவியின் அங்கி அவருக்குச் சிறையாகிவிடுகிறது.

ஆக, ஒரு பெண்ணைச் சுற்றி மூன்று ஆண்கள். மூவரும் மூன்று விதத்தில் "ஆண்பிள்ளை" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்.

கிளாரின் இந்த இடத்தில் ஒரு வேலை செய்கிறார். ஆனாவை நாடகம் பார்க்க அனுப்புகிறார். என்ன நாடகம்? அதே டான் ஹுவான் நாடகம்! ஆனா மனம் உருகிப் பார்க்கிறாள். மேடையில் இருப்பவனையும் பக்கத்தில் இருக்கும் மெசீயாவையும் ஒன்றாக நினைத்துவிடுகிறாள். பொய்க்கும் மெய்க்கும் உள்ள தூரத்தை அறியாமல் ஒரு பெண் விழப்போகும் இடம் அது.

கடைசியில் அவள் மெசீயாவின் வலையில் விழுகிறாள். வேலைக்காரி கடிகார முள்ளை முன்னால் தள்ளி வைக்கிறாள். வேட்டைக்குப் போவதற்காக விக்தர் சீக்கிரம் எழுந்துவிடுகிறார். மனைவியின் அறைப் பலகணியிலிருந்து மெசீயா இறங்கி ஓடுவதைக் கண்ணாலே பார்க்கிறார்.

கையில் துப்பாக்கி இருக்கிறது. குறியும் வைத்துவிட்டார். சட்டமும் அவர் பக்கம். இத்தனை ஆண்டு பேசிய வசனமும் அவர் பக்கம்.

அவர் சுடவில்லை!

சுட முடியவில்லை. துக்கம்தான் வருகிறது. "நான் வயதானவன். அவளுக்கு என்ன சுகம் கொடுத்தேன்?" என்ற எண்ணம் வருகிறது. நாவல் முழுவதும் சிரிப்பை மூட்டிய அந்தக் கிழவர் முதல் தடவையாகப் பெரிய மனிதராகத் தெரிவது இந்த இடத்தில்தான். சுட்டிருந்தால் நாடகத்துக் கணவனாக ஆகியிருப்பார். சுடாததால் மனிதனாக நிற்கிறார்.

ஆனால் ஊர் விடுமா? பாதிரியார் வந்து தூபம் போடுகிறார். அவர் நிலையும் பரிதாபம். வேட்டை உடையை மாட்டி, கத்தியைச் செருகி, கண்ணாடி முன் நின்று பார்த்தவர் அவர். "நான் போய்க் கொல்ல முடியாதே!" என்ற ஆத்திரத்தில் கணவரைக் கிளப்பிவிடுகிறார்.

துப்பாக்கிச் சண்டைக்கு நாள் குறிக்கிறார்கள். விக்தர் கொல்ல விரும்பவில்லை. அவர் குண்டு குறி தவறுகிறது. எதிரே நிற்கும் மெசீயாவுக்குக் கைகால் நடுங்குகிறது. பயத்திலே சுடுகிறான். அந்தக் குண்டு விக்தரின் வயிற்றில் பாய்கிறது. அவர் இறக்கிறார். "வீரன்" மெசீயா மாட்ரிட் நகருக்கு ஓடிவிடுகிறான்.

ஊர் யார் மீது பழி போட்டது? ஆனா மீது! அத்தனை நாள் அவள் எப்போது விழுவாள் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்தவர்கள், அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒவியெதோவின் பிஷப் நாவலாசிரியரையே கண்டித்து அறிக்கை விட்டார்.

நண்பனுக்கு நல்லவன்

பெனித்தோ பேரெஸ் கால்தோஸ் என்பவர் எழுதிக் குவித்தவர். அவருடைய "திரிஸ்தானா" 1892-ல் வந்தது. 1970-ல் லூயிஸ் புனுவெல் அதைச் சினிமாவாகவும் எடுத்தார்.

இதில் வருபவர் டான் லோப்பே. வயது 57. கேட்டால் 49 என்பார். பழங்காலத்து வீரப் பரம்பரையின் மிச்சம். கொடுத்த வாக்கை மீறமாட்டார். நண்பன் கடனில் மூழ்கிச் சிறைக்குப் போக இருந்தபோது, தன் சொத்தை விற்று அவனை மீட்டவர். ஊரார் கும்பிடத் தக்க செயல். அதில் சந்தேகம் இல்லை.

அந்த நண்பன் செத்துப்போகிறான். அவன் மனைவியும் சாகும்போது, "என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று திரிஸ்தானாவை அவர் கையில் ஒப்படைக்கிறாள்.

இரண்டே மாதம். அந்தப் பெண்ணையும் தன் பட்டியலில் சேர்த்துவிட்டார்!

இவர் போக்கிரியா, உத்தமரா? இரண்டும்தான். நண்பனின் பணத்தில் ஒரு காசு தொடமாட்டார். நண்பனின் மகளைத் தொடுவார். ஆணுக்கு ஆண் கொடுத்த வாக்குத்தான் வாக்கு. பெண்ணின் விஷயத்தில் சட்டமே கிடையாது. பழைய மானம் என்பதில் பாதி ஓட்டை என்பதைக் கால்தோஸ் ஒரே கிழவரை வைத்துக் காட்டிவிட்டார். இதைவிடக் கூர்மையாக யாரும் காட்டவில்லை.

திரிஸ்தானா வேலை கற்று, சொந்தக் காலில் நிற்க ஆசைப்பட்டவள். ஓவியம் பழகினாள். மொழிகள் பழகினாள். காலில் நோய் வந்து, அந்தக் காலையே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவளைக் காதலித்த ஓவியன் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டான். கடைசியில் அவள் அந்தக் கிழவரையே மணந்துகொண்டு பலகாரம் செய்யக் கற்றுக்கொள்கிறாள்.

செல்லப்பிள்ளையும் நோஞ்சானும்

கால்தோசின் மிகப் பெரிய நாவல் "போர்த்துனாதாவும் ஹசிந்தாவும்". 1886, 1887-ம் ஆண்டுகளில் வந்தது. இதிலும் ஒரு மைனர் உண்டு. பெயர் ஹுவானித்தோ. குட்டி ஹுவான் என்று பொருள். பெயரிலேயே கேலி இருக்கிறது.

ஜவுளி வியாபாரத்தில் சேர்ந்த குடும்பச் சொத்து. ஒரே பிள்ளை. படிப்பு உண்டு. வேலை கிடையாது. ஏழைப் பெண் போர்த்துனாதாவை மயக்கிக் கைவிடுகிறான். பிறகு ஹசிந்தாவை மணக்கிறான். அலுத்தபோது மறுபடி அவளிடம். மறுபடி இவளிடம். இவன் யாரையும் குத்தவில்லை, கொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதிலே கெட்டிக்காரன். அழகாகப் பேசுவான். அதனால்தான் இவன் டான் ஹுவானைவிட ஆபத்தானவன்.

அந்தக் காலத்தில் ஸ்பெயினில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பணம் கட்டிவிட்டுப் பட்டாளத்துக்குப் போகாமல் தப்பலாம். 1912 வரையில் அந்த வழி திறந்திருந்தது. கியூபாச் சண்டையில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் காய்ச்சலிலும் குண்டிலும் செத்தார்கள். "வீர பரம்பரை" என்று பேசிய வீடுகளில் பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள். ஹுவானித்தோவின் கதையைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்கு எதிராக ஒரு நோஞ்சான் வருகிறான். மாக்ஸிமிலியானோ. மருந்துக்கடைப் படிப்பு. தலைவலிக்காரன். போர்த்துனாதாவின் கதை முழுவதும் தெரிந்தும், "இவளை மனைவியாக்கி உயர்த்துவேன்" என்கிறான். செய்தும் காட்டுகிறான். நல்ல மனசு. ஆனால் அவள் அவனை விரும்புகிறாளா என்று அவன் கேட்கவே இல்லை. ஹுவானித்தோவை எதிர்த்துப் போய்த் தெருவில் அடிபட்டு விழுகிறான். கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகிறான்.

கால்தோசின் நேர்மை இங்கேதான் தெரிகிறது. முரடன் கெட்டவன் என்றால் மெலிந்தவன் நல்லவன் என்று சுலபமாக எழுதிவிட்டுப் போகலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பெண்ணைக் கெடுப்பவனும், பெண்ணை "உயர்த்துபவனும்" அவள் வாயைத் திறக்க விடவில்லையே என்கிறார்.

போர்த்துனாதா குழந்தை பெற்றுச் சாகிறாள். அந்தக் குழந்தையை ஹசிந்தாவுக்கே கொடுத்துவிட்டுப் போகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டார்கள். ஹசிந்தா கணவன் மீது வைத்திருந்த மதிப்பு போயேபோய்விட்டது. ஹுவானித்தோவுக்கு இதைவிட வேறு தண்டனை இல்லை.

பெண் எழுதினால்...

இவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண் ஒருவர் என்ன எழுதினார்?

எமிலியா பார்தோ பஸான் கலீசியாப் பகுதியைச் சேர்ந்தவர். பெரிய இடத்துப் பெண். துணிச்சலான எழுத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியதால் வீட்டில் பூசல் வந்து, கணவரைப் பிரிந்து வாழ்ந்தார். எழுத்தை விடவில்லை. ஸ்பானிய மொழிக் கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. ஆனால் 1916-ல் மாட்ரிட் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்றார்.

1886-ல் அவர் எழுதிய "உல்யோவா மாளிகை" ஒரு கிராமத்து ஜமீன் கதை. பண்ணையார் பெத்ரோ வேட்டையாடுவார். வேலைக்காரியை அடிப்பார். அவளிடமே ஒரு பிள்ளையும் உண்டு. ஊரே நடுங்கும். ஆனால் வரவு செலவு, ஆள்பலம் எல்லாம் காரியஸ்தன் கையில். உருட்டி மிரட்டும் எஜமானன் தன் காரியஸ்தனுக்கே பயந்தவன்!

அங்கே ஹுலியான் என்ற இளம் பாதிரியார் வருகிறார். மென்மையான முகம். மென்மையான கை. பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர் சொல்லித்தான் பண்ணையார் நூச்சா என்ற சாதுவான பெண்ணை மணக்கிறார். ஆண் வாரிசு வேண்டும் என்று காத்திருக்கிறார். பிறந்தது பெண். அன்றோடு மனைவி வேண்டாதவள் ஆகிவிடுகிறாள்.

ஹுலியான் அவளைத் தப்பவைக்கப் பார்க்கிறார். காலம் கடந்துவிட்டது. அவர் மீதே பழி விழுகிறது. விரட்டப்படுகிறார். அவள் இறக்கிறாள். நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டின் நடப்பு தெரியாமல் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தானே? பார்தோ பஸான் அதை மறைக்கவில்லை.

பத்து ஆண்டு கழித்து அவர் திரும்பி வருகிறார். வேலைக்காரியின் மகன் நல்ல உடையில் நிற்கிறான். மனைவியின் மகள் கந்தலில் நிற்கிறாள். ஆண் என்பதற்கும் பெண் என்பதற்கும் அந்த வீட்டில் இருந்த விலை அந்த ஒரே காட்சியில் தெரிந்துவிடுகிறது.

குதிரை ஏறிய மாணவன்

எல்லாரும் இப்படியே எழுதினார்கள் என்று நினைக்க வேண்டாம். ஹுவான் வலேரா 1874-ல் எழுதிய "பெப்பித்தா ஹிமேனெஸ்" நேர் எதிர். பாதிரியார் ஆகப் படிக்கும் லூயிஸ், கோவேறு கழுதையில் போய்க் கூச்சப்படுகிறான். பிறகு குதிரை ஏறக் கற்கிறான். சீட்டாடி ஜெயிக்கிறான். வாள் சண்டை போடுகிறான். விதவைப் பெண் பெப்பித்தாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். படிக்கச் சுகமான கதை. ஆனால் குதிரையும் வாளும் இல்லாவிட்டால் ஒருவன் ஆணாக முடியாதா என்ற கேள்விக்கு வலேரா புன்னகையோடு நழுவிவிடுகிறார்.

அதே 1874-ல் அலார்கோன் எழுதிய "முக்கோணத் தொப்பி" சிறிய கதை. மாவு மில்காரன் லூக்காஸ் கூனன். அழகன் அல்ல. மனைவி பேரழகி. ஊர் அதிகாரி அவளை வட்டமிடுகிறார். மனைவிக்குப் பிடித்தது யாரை? சிரிக்கச் சிரிக்கப் பேசும் அந்தக் கூனனை! அவனுக்கும் ஒரு நிமிஷம் சந்தேகம் வந்து துப்பாக்கியை எடுக்கிறான். நல்லவேளை, கீழே வைத்துவிடுகிறான்.

ஓடாமல் இருந்தவர்

"இந்த நாவல்கள் ஆண்களைக் குறை சொல்வதற்கே பிறந்தவை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் "லா ரெஹென்தா"வில் வரும் ஒருவரைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள்.

அவர் விக்தரின் வேட்டை நண்பர். பிரீகிலிஸ் என்று ஊரார் அழைப்பார்கள். செடி கொடிப் பைத்தியம். யூகலிப்டஸ் மரம் நடுவார். ஒட்டுக் கட்டுவார். சபையில் பேசத் தெரியாது. ஆனாவுக்குக் கிழவரை மணம் செய்துவைக்க யோசனை சொன்னவரும் அவர்தான். அந்தத் தவறு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

விக்தர் செத்தார். மெசீயா ஓடினான். பாதிரியார் கதவைச் சாத்தினார். ஊர் விலகியது. ஆனா நோயில் கிடந்தாள். அப்போது பக்கத்தில் இருந்தவர் பிரீகிலிஸ் ஒருவரே. வைத்தியரை அழைத்து வந்தார். விதவைப் பென்ஷனுக்கு வழி செய்தார். காதல் வசனம் பேசவில்லை. "உன்னை மன்னித்தேன்" என்றும் சொல்லவில்லை. மற்ற நேரத்தில் தோட்டத்துச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளாரின் இவரைக் கதாநாயகன் ஆக்கவில்லை. அவருக்கென்று தனிக் காட்சிகள் அதிகம் இல்லை. மனைவியை இழந்தவனுக்கும், ஊரை ஏய்த்தவனுக்கும், ஊரை ஆண்டவனுக்கும் கொடுத்த பக்கங்களில் கால்வாசியும் அவருக்குக் கிடைக்கவில்லை. படித்து முடித்த பிறகு மனத்தில் தங்குபவர் அவர்தான்.

செவில்லா நகரில் டான் ஹுவானுக்கு ஒரு சிலை இருக்கிறது. ஒவியெதோவில் பெரிய கோயிலுக்கு எதிரே 1997-ல் ஒரு சிலை வைத்தார்கள். அது ஆனாவின் சிலை. தனியாக நிற்கிறாள்.